கூட்டேரிப்பட்டில் இறங்கிய சகாயமேரி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சற்று முன்னால் கல்லூரி அலுவலகத்துத் தொலைபேசி அடித்தது. நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கண்காணிப்பாளர் எடுத்து, "ஆமாங்க, காலேஜ்தான்" என்றார். கேட்டுக்கொண்டே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பேச்சு முடிந்து வைத்த பிறகும் அவருடைய கை ரிசீவரின் மேலேயே இருந்தது.

"நம்ம சகாயமேரிய நேத்து கூட்டேரிப்பட்டுல லாரி மோதிடுச்சாம் சார். திண்டிவனம் ஆஸ்பத்திரியில இருக்காங்களாம்."

எந்த வார்டில் என்று கேட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணத்தில்தான் கேட்டேன்.

"வார்டுல இல்ல சார்" என்றார்.

அடுத்த அரை மணி நேரம் அந்த அறையில் நடந்தது எனக்கு இன்னமும் சரியாக நினைவில் சேரவில்லை. யாரும் அழவில்லை. சனிக்கிழமை அவர் பாதியில் விட்டுப் போன காகிதம் தட்டச்சு இயந்திரத்தில் அப்படியே இருந்தது. 'மேற்கண்ட மாணவர்' என்ற இடத்தில் நின்றிருந்தது. ஜன்னலில் இரண்டு மாணவர்கள் வந்து, மேரி அக்கா வந்துட்டாங்களா என்று கேட்டார்கள். உள்ளே மூன்று பேர் இருந்தோம். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் வெளியே வந்து கேட் அருகே நின்றேன். திங்கட்கிழமைகளில் திண்டிவனம் பாசஞ்சர் தாமதமாகத்தான் வரும். சகாயமேரி குடையை மடக்கிக்கொண்டே வேகமாக நடந்து வருவார். செய்தியைக் காதால் கேட்டுவிட்ட பிறகும், அந்தச் சாலையைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நின்றேன்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெயரளவில் மட்டும் தெரிந்தவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சில விவரங்கள். சகாயமேரி விழுப்புரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் கல்லூரியில் இளநிலை உதவியாளர். வயது முப்பத்தேழு. திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பிறர் நிலத்தில் நடவும் களையெடுப்பும் செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். கணவர் அந்தோணி திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்கிறார். ஏழாவது படிக்கும் ஒரு மகள். மாணவர் சான்றிதழ்களும் உதவித்தொகை விண்ணப்பங்களும் அவர் பார்க்க வேண்டிய வேலைகள். பணி உத்தரவில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஏழுமலை என்ற மாணவர் என்னுடைய வரலாற்று வகுப்பில் இருந்தார். கண்டமங்கலத்துக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. உதவித்தொகையைப் புதுப்பிப்பதற்கான கடைசி நாள் போய் நான்கு நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்து நின்றார். போர்டில்தான் ஒட்டியிருந்ததே, பார்க்கவில்லையா என்று கண்காணிப்பாளர் கேட்டுவிட்டார். எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. வாயை விட்டு வந்த பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. ஏழுமலை சிரித்துக்கொண்டே, "பாக்கலீங்க சார்" என்றார். அறையில் இருந்தவர்களும் சிரித்தோம். சகாயமேரி மட்டும் தட்டச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"போர்டுல ஒட்டிட்டா அவருகிட்ட சொன்னதா அர்த்தமா சார்?"

சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர் அப்படிக் கேட்டது எங்களுக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஏழுமலையின் விண்ணப்பத்தோடு கடலூருக்குப் போனார். மாவட்ட அலுவலகத்தில் மாலைவரை உட்கார்ந்திருந்து, அதைச் சேர்த்துக்கொள்ளச் செய்துவிட்டுத்தான் வந்தார். அதற்கடுத்த நாள் மதியம் ஒரு மணிக்கு, சைக்கிள் ஸ்டாண்டுக்கு எதிரே நின்று, போர்டில் இருந்த அறிவிப்புகள் அத்தனையையும் தமிழில் உரக்கப் படித்தார். உதவித்தொகை, வங்கித் தேர்வு, அரியர் பாடங்களுக்குப் பணம் கட்டும் நாள், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்கும் விவரம், எதையும் விடவில்லை. முதல் நாள் கேட்டவர்கள் ஏழுமலையும் இன்னும் நான்கு பேரும். அந்த மாதக் கடைசியில் கண் நன்றாகத் தெரிந்தவர்களே ஐம்பது அறுபது பேர் வந்து நின்றார்கள். ஆங்கிலத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் பயந்து விலகிப் போனவர்கள் அவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் சகாயமேரிக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

எதற்காக இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்று ஒருமுறை ரயில் நிலையத்தில் அவரைக் கேட்டேன். பியூசி முடித்தபோது நர்ஸ் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்ததாம். தபால்காரர் ஊர்க்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தேர்வு நடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யாரும் கெட்டவங்க இல்ல சார். கடைக்காரரு மறந்துட்டாரு. யாரோ ஒருத்தர் ஞாபகம் வெச்சிக்கினு இருந்தா போதும்."

என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். என் வகுப்பு மாடியில் இருந்தது. அங்கே சுவரில் வரைபடம் மாட்ட ஆணிகள் இருந்தன. காற்று வரும். சத்தம் இருக்காது. சகாயமேரி வந்த மூன்றாம் வருடம் வேதவல்லி என்ற பெண் வரலாறு படிக்கச் சேர்ந்தார். மயிலத்துக்கு அப்பால் ஒரு கிராமம். சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களிலும் இரும்புப் பட்டை கட்டியிருந்தார். சகாயமேரி என்னிடம் வந்து, வகுப்பைக் கீழே மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கீழே காலியாக இருந்தது கல்நார்க் கூரை போட்ட அறை. பக்கத்திலேயே சைக்கிள் ஸ்டாண்டு. வெயிலில் வேகும். வரைபடத்தை எங்கே மாட்டுவது என்று கேட்டேன். அந்தப் பெண் எப்படியோ ஏறி வந்துவிடுகிறாரே, இதுவரை ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லையே என்றும் சொன்னேன். சகாயமேரி வாதாடவில்லை.

"நீங்க ஒரு நாள் ஒன்பதரைக்கு வாங்க சார்" என்றார். "படிகிட்ட நில்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

இரண்டு நாள் கழித்துப் போனேன். பத்து மணி வகுப்புக்கு வேதவல்லி ஒன்பதரைக்கே வந்துவிடுவார் என்பது எனக்குத் தெரியாது. மற்ற மாணவர்கள் வரும் முன்பே ஏறிவிட வேண்டும் என்பதற்காக அப்படி வந்துகொண்டிருந்தார். புத்தகப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார். இரும்புப் பட்டை ஒவ்வொரு படியிலும் இடித்தது. இருபத்திரண்டு படிகள். மேலே போனதும் சுவரைப் பிடித்து எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். கீழே நான் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. ஆறு வாரமாக நான் மேலே தயாராக நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்று மதியமே வரைபடங்களைச் சுருட்டிக் கீழே எடுத்து வந்தேன். கல்நார் அறையில் ஆணி அடிக்க இடமில்லாததால் இரண்டு மாணவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சகாயமேரி அதைப் பற்றி என்னிடம் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. நன்றி சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்திருக்கும்.

ஏழுமலையின் கடைசி வருடத் தேர்வைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று பஸ் ஸ்டிரைக். ஏழுமலை சொல்லச் சொல்ல எழுதுவதற்குப் பல்கலைக்கழகம் அனுமதித்திருந்த பெண், வளவனூரிலிருந்து வர வேண்டியவர், வந்து சேரவில்லை. மணி அடித்து, எல்லோரும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஏழுமலை தனியறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அனுமதிக் கடிதத்தில் இருக்கும் பெயரைத் தவிர வேறு யாரையும் உட்கார வைக்க முடியாது என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வு அதிகாரி. சகாயமேரி சாலையைக் கடந்து எதிரே இருந்த தட்டச்சுப் பள்ளிக்குள் போனார். அங்கே பிளஸ் டூ முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த ஐந்து பேரிடம் ஆளுக்கொரு வரி எழுதச் சொல்லிக் கையெழுத்தைப் பார்த்தார். ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். தனக்கு வரலாறு தெரியாதே என்று அந்தப் பெண் வழியெல்லாம் பயந்தாளாம். "தெரியாம இருக்கிறதுதாம்மா நல்லது" என்றிருக்கிறார் சகாயமேரி. "அவரு சொல்றத எழுது. நீயா ஒண்ணும் சேக்காத."

பிறகு தட்டச்சில் உட்கார்ந்து, நடந்ததை ஒரு கடிதமாக அடித்தார். சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். போட்டேன். முதல்வரும் போட்டார். தேர்வு அதிகாரி அரைமனதாக ஒத்துக்கொண்டார். ஆனால் முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது. அந்த நேரத்தைக் கூட்டித் தர விதியில் இடமில்லை என்றார். அப்போது சகாயமேரி சொன்னதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அவரு நின்னுக்கினு தொலைச்ச நேரம் சார் அது. உக்காந்து எழுதறதுக்குத் திருப்பிக் குடுங்க."

அதிகாரி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, தாமும் கூடவே இருப்பதாகச் சொன்னார். ஏழுமலை அந்தப் பாடத்தில் தேறினார். இன்று பாண்டிச்சேரியில் ஒரு வங்கியில் தொலைபேசி இயக்குபவராக இருக்கிறார். அந்த வேலைக்கான விளம்பரத்தை அவருக்குப் படித்துக் காட்டியதும் சகாயமேரிதான்.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஏழுமலைக்கு அந்த வேலை கிடைத்த மகிழ்ச்சியில், வேதவல்லிக்கும் அதே வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிவிட்டார். கையெழுத்துப் போடும் இடத்தில் பெருக்கல் குறி போட்டு நீட்டினார். நான் அப்போது அலுவலகத்தில்தான் இருந்தேன். வேதவல்லி முழுவதும் படித்துவிட்டு, காகிதத்தைத் திருப்பி மேசையில் வைத்தார். "எனக்கு என்ன வேணும்னு நீங்க கேக்கவே இல்லியேக்கா" என்றார். குரலில் கோபம் இல்லை. கால்களைப் பார்த்துத் தனக்கு வேலை தேடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றும், இங்கேயும் அப்படித்தானா என்றும் கேட்டார். சகாயமேரியின் முகம் சுண்டிப்போனது. நாங்கள் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து நின்று, "தப்புதாம்மா" என்றார். விண்ணப்பத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். உட்கார்ந்த பிறகு கேட்டார், "உனக்கு இன்னா வேணும், சொல்லு."

பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக வேண்டும் என்றார் வேதவல்லி. நின்று பாடம் நடத்த முடியாதவரை யார் எடுப்பார்கள் என்று எனக்கு மனதுக்குள் தோன்றியது. சகாயமேரிக்கும் தோன்றியிருக்கலாம். அவர் பி.எட். விண்ணப்பம் எப்போது வரும் என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அதன் பிறகு யார் வந்து நின்றாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவர் பேனாவை எடுத்ததில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் நாங்கள் பதினெட்டுப் பேர் திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது, உடலை ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய கிராமத்துக்குக் கொண்டு போயிருந்தார்கள். நாங்களும் அங்கே போனோம். மாதா கோவிலுக்குப் பக்கத்தில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஏன் கூட்டேரிப்பட்டுக்குப் போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. காலைப் பூசை முடிந்ததும், "ரெண்டு மணிக்குள்ள வந்துர்றேன், சோறு வடிச்சி வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாராம். அந்தோணி என்னிடம் இதை இரண்டு முறை சொன்னார். சோறு வடித்து வைத்திருந்ததையும் சொன்னார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீங்கதான் மாடியிலருந்து எறங்கி வந்த சாரா?" என்று கேட்டார். சகாயமேரி வீட்டில் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருக்கிறார். தலையை ஆட்டினேன்.

ஏழுமலை தனியாகப் பஸ் மாறி வந்திருந்தார். யாரோ கையைப் பிடித்து என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். என் தோளில் கையை வைத்து, "முகம் எப்பிடி சார் இருக்குது?" என்று கேட்டார்.

நல்லா இருக்கு, தூங்கற மாதிரி இருக்கு என்றேன்.

"அவங்க எனக்கு இருக்கிறத இருக்கிற மாதிரிதான் சார் படிப்பாங்க" என்றார் ஏழுமலை. "நீங்களும் அப்பிடியே சொல்லுங்க."

சொன்னேன். நெற்றியில் கட்டுப் போட்டிருக்கிறது, இடது பக்கம் வீங்கியிருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கன்னத்தில் கழுவியும் போகாத மை இருக்கிறது. சனிக்கிழமை ரப்பர் ஸ்டாம்பு மையாக இருக்க வேண்டும். ஏழுமலை முழுவதும் கேட்டார். பிறகு என் தோளிலிருந்து கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எங்களில் ஒருவரிடமிருந்து அன்று நான் கேட்ட முதல் அழுகை அது.

அடக்கம் முடிந்த பிறகு அந்தோணி வீட்டுக்குள் போய் ஒரு பழுப்புக் கவரை எடுத்து வந்தார். போலீஸ்காரர்கள் கொடுத்த பையில் இருந்ததாம். உங்க காலேஜ் காகிதம் சார், எனக்குப் படிக்கத் தெரியல என்றார். கல்லூரி முகவரிக்கு வந்த கவர். வேதவல்லியின் பெயர் இருந்தது. உள்ளே பி.எட். சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம். வியாழக்கிழமை காலை, சென்னையில். சனிக்கிழமை மாலைத் தபாலில் வந்திருக்கிறது. ஊருக்குத் தபாலில் திருப்பி அனுப்பினால் வெள்ளிக்கிழமை போய்ச் சேரும். அதனால் அவரே கிளம்பியிருக்கிறார். கவரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பந்தலில் நின்றபோதுதான், காலையிலிருந்து காதில் மட்டும் இருந்த செய்தி எனக்குள் இறங்கியது. என்னை ஒரு மர பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் அந்தக் கவரோடு கூட்டேரிப்பட்டில் இறங்கினேன். மயிலம் சாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடைக்காரரே பேச்சைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா அவரிடம்தான் பஸ் எப்போது என்று கேட்டாராம். பத்து நிமிஷம் ஆகும் என்றிருக்கிறார். ஒரு டீ போடச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் பஸ் வருவதைப் பார்த்து, வேணாங்க, வந்துடுச்சி என்று சாலையில் இறங்கியிருக்கிறார். சென்னைப் பக்கமிருந்து வந்த லாரி, நின்றிருந்த இன்னொரு பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு தப்பான பக்கத்தில் வந்திருக்கிறது. டீயைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிவிட்டுத் திரும்பியதாகச் சொன்னார் கடைக்காரர். அவரும் இன்னும் தெளியவில்லை என்பது அவர் பேசியதில் தெரிந்தது.

வேதவல்லிக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. வாசலில் அவருடைய அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேதவல்லி சிரித்தபடி, "மேரி அக்கா வரலியா சார்? லெட்டர் வந்ததும் தானே கொண்டாந்து தர்றேன்னு சொன்னாங்களே" என்றார். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சொல்லி முடித்த பிறகு கவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இத குடுக்க வந்துதான் செத்தாங்களா சார்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஏழுமலை நினைவுக்கு வந்தார். ஆமாம் என்றேன். லாரி தப்பான பக்கம் வந்தது என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நான் போகமாட்டேன் சார் என்றார். அந்தக் காகிதத்தைத் தொடமாட்டேன் என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய அம்மாதான், கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"அந்தப் பொண்ணு நம்ம வூட்டுக்குத்தான் வந்துக்கினு இருந்துது. வந்து சேராதது அதோட தப்பு இல்ல. நீ போவாம இருந்தா அது உன் தப்பு."

கவரை என்னிடமிருந்து அவரே வாங்கி, சேலை முந்தானையில் துடைத்து, உள்ளே கொண்டு போய் வைத்தார்.

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நின்றேன். வருவார்களா என்று எனக்கு நிச்சயமில்லை. மயிலம் பஸ்ஸிலிருந்து முதலில் அம்மா இறங்கினார், பிறகு பிடித்துப் பிடித்து வேதவல்லி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மூவரும் சென்னை பஸ்ஸில் ஏறினோம்.

நேர்முகத் தேர்வு இரண்டாம் மாடியில் நடந்தது. லிஃப்ட் கிடையாது. வேதவல்லி பையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் போனார். வேண்டாம், இருங்கள் என்று சொல்லிவிட்டு நான் மேலே போனேன். வாசலில் இருந்த எழுத்தர், பெயர் கூப்பிடும்போது ஆள் உள்ளே இல்லையென்றால் அடுத்தவர் போவார் என்றார். சாதாரணமாக நான் அத்தோடு திரும்பி வந்துவிடுகிற ஆள். அலுவலகங்களில் குரலை உயர்த்தியதே இல்லை. அன்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான்கு நாளைக்கு முன் இறந்துபோன ஒருவரைப் பற்றிச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னேன் என்றும் நினைக்கிறேன். அவர்களில் வயதான ஓர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். கோப்பை எடுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாகக் கீழே வந்தார். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு வேதவல்லி பதில் சொன்னார். உட்கார்ந்துகொண்டே எப்படிப் பாடம் நடத்துவாய் என்று ஒருவர் கேட்டார். உட்கார்ந்துகொண்டேதான் இப்போது உங்களிடம் பேசுகிறேன், கேட்கிறது அல்லவா என்றார் வேதவல்லி.

சென்ற வாரம் பட்டியல் வந்தது. அவருடைய பெயர் இருக்கிறது.

சகாயமேரி இறந்து நாற்பது நாள் ஆகிறது. கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடத்தினோம். பேசியவர்கள் எல்லோரும், திடீரென்று, திடீரென்று என்றே சொன்னோம். கூட்டம் முடிந்ததும் முதல்வர் அவருடைய பணிப் பட்டியலை எடுத்துவரச் சொன்னார். அந்த இடத்துக்கு ஆள் கேட்டு எழுத வேண்டுமே. சான்றிதழ்கள், உதவித்தொகை. வேறெதுவும் அதில் இல்லை. புதிதாக வருகிறவரும் அந்த இரண்டையும் பார்ப்பார். மற்றது எதுவும் எங்கேயும் எழுதப்படாததால், அப்படி ஒரு வேலை காலியாக இருப்பதாகவே அரசாங்கத்துக்குத் தெரியாது. இத்தனை வருடம் ஓர் ஆள் அவ்வளவையும் செய்தார் என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எங்களில் பலருக்குப் புரிந்தது. இன்னும் எனக்கு அவரைப் பற்றி 'இருந்தார்' என்று எழுத வரவில்லை. மேலே இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர் அந்த வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டோம். அறிவிப்புகளைப் படிப்பது ஒருவர், விண்ணப்பங்கள் ஒருவர், கடலூருக்கு அலைவது ஒருவர். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தருபவர்களைத் தேடுவதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சகாயமேரியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான். நான் இதில் கெட்டிக்காரன் இல்லை. முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு எனக்கு இன்னமும் தயக்கமாக இருக்கிறது. தட்டுகிறேன்.

ஏப்ரல் தேர்வுக்கு ஐந்து பேர் தேவை. மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள். இதைப் படிப்பவர்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருந்தால் கல்லூரி அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்து தெளிவாக இருந்தால் போதும். வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்துவிட வேண்டும்.